மந்திரி பதவி போயிற்று, ஓட்டு பெருகிற்று!

தேர்தல் வந்துவிட்டால் நாசரேத்தில் என்ன பேச்சு நடக்கும்?

கடைவீதியில் நின்று கேட்டால் தெரியும். "போன தடவை அந்தக் கட்சியோடு வந்தார்கள். இந்தத் தடவை இந்தக் கட்சியோடு வருகிறார்கள். கம்பம் அதே கம்பம்தான். கொடியை மட்டும் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்" என்று ஒருவர் சொல்வார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

சிரிப்புக்குப் பின்னால் வருத்தமும் உண்டு. இந்தச் செம்மண் தேரிப் பூமியில் பனையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல. மூடிக் கிடந்த கூட்டுறவு நூற்பாலையை நம்பி இருந்த குடும்பங்களும் பல. வேட்பாளர்கள் வருகிறார்கள், கேட்கிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள், போகிறார்கள்.

கட்சிக்காரர்களைக் கேட்டால் அவர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள். "அரசியல் என்றால் வளைந்து கொடுக்க வேண்டும். பிடித்த பிடியில் நின்றால் ஓட்டு விழாது. பதவி கிடைக்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்" என்பார்கள்.

இது உண்மைதானா?

இதற்குப் பதில் தேடி டில்லிக்குப் போக வேண்டாம். நாசரேத்தில் காலையில் பஸ் ஏறினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேரக்கூடிய நாகர்கோவிலில் அந்தப் பதில் இருக்கிறது.

ஆரல்வாய்மொழியில் ஓர் எல்லை

இன்று நாகர்கோவில் பஸ்ஸில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். அந்த இடத்தில் ஒரு காலத்தில் எல்லை இருந்தது என்பது இளைஞர்கள் பலருக்குத் தெரியாது.

இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம். அந்தப் பக்கம் திருவிதாங்கூர். சமஸ்தான காலத்தில் அங்கே சுங்கச் சாவடி இருந்தது. மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும்.

எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தமிழர்கள். பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். திருச்செந்தூர் முருகனுக்கு அங்கிருந்து காவடி வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சர்க்கார் பேசிய மொழி மலையாளம். வீட்டில் தமிழ், கச்சேரியில் மலையாளம். நிலத்துக்கு வரி கட்டுகிறவர், கையில் வாங்கிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொருவரைக் கேட்க வேண்டியிருந்தது. உத்தியோகத்துக்குப் போகிற பையனுக்கும் அதே கஷ்டம்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களில் இதுதான் நிலை. வடக்கே செங்கோட்டையிலும், மலை மேல் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் தமிழர்கள் இருந்தார்கள்.

"தமிழர் வாழும் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும்" என்று கேட்பதற்காக ஒரு கட்சி பிறந்தது. 1945-ம் ஆண்டு டிசம்பரில் நாகர்கோவிலில் தொடங்கியது. மறு ஆண்டில் 'திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டது. பெயரில் காங்கிரஸ் இருந்தாலும் இது தனிக் கட்சி. சமஸ்தானத்தில் பெரிய கட்சியாக இருந்த ஸ்டேட் காங்கிரசோ, மலையாளிகள் வாழும் பகுதிகளை எல்லாம் ஒன்று சேர்த்து ஐக்கிய கேரளம் அமைக்க வேண்டும் என்று சொல்லி வந்தது. அதில் நாஞ்சில் நாடும் சேர்ந்துதான் இருந்தது!

வக்கீல் நேசமணி

1947-ம் ஆண்டு செப்டம்பரில் இந்தக் கட்சிக்கு ஒரு வக்கீல் வந்து சேர்ந்தார். அவர் பெயர் நேசமணி. பள்ளியாடி பக்கத்துக்காரர். 1895-ல் பிறந்தவர். கட்சியில் சேர்ந்தபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

அவரைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்தில் நாகர்கோவில் கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி. மற்ற வக்கீல்களுக்கு முக்காலி. தண்ணீர்ப் பானையும் தனித் தனி. நேசமணி வந்தார். முக்காலியைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அதோடு அந்த வழக்கம் ஒழிந்தது என்பார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் கையில் கட்சி வந்ததும் வேகம் பிறந்தது. ஜனங்கள் அவரை 'மார்ஷல்' நேசமணி என்று அழைத்தார்கள். பட்டாளத்தில் இருந்தவர் அல்ல. ஜனங்கள் கொடுத்த பட்டம்.

1948-ம் ஆண்டு பிப்ரவரியில் திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. இந்தியா முழுவதற்கும் அப்படிப்பட்ட தேர்தல் வர இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. மொத்தம் 120 இடங்கள். ஸ்டேட் காங்கிரஸ் 97 இடங்களை அள்ளிக்கொண்டது. முஸ்லிம் லீக் 9 இடங்களைப் பெற்றது. மீதி 14 இடங்கள்? அவை அத்தனையும் தமிழ்நாடு காங்கிரசுக்கு!

சுதந்திரம் வந்த புதிது. காங்கிரஸ் என்ற பெயரைக் கேட்டால் ஜனங்கள் கை எடுத்துக் கும்பிட்ட காலம். அந்த அலையையும் எதிர்த்து ஒரு சின்னக் கட்சி 14 இடங்களைப் பிடித்தது என்றால் சின்ன விஷயமா?

பதவி தேடி வந்தது

1949-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. தமிழர்களின் கோரிக்கை இன்னும் தூரத்துக்குப் போய்விட்டது போலத் தோன்றியது. கட்சிக்குள்ளும் பிளவு உண்டாயிற்று. விட்டுக் கொடுத்துப் போகலாம் என்றவர்களும் இருந்தார்கள்.

1951 கடைசியிலும் 1952 தொடக்கத்திலும் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. நேசமணி நாகர்கோவில் தொகுதியில் வென்று பார்லிமெண்டுக்குப் போனார். சட்டசபையில் கட்சிக்கு 8 இடங்கள் கிடைத்தன.

இப்போதுதான் சோதனை வந்தது.

சட்டசபையில் மொத்தம் 108 இடங்கள். காங்கிரசுக்கு 44 இடங்கள்தான். மந்திரிசபை அமைக்க ஆள் போதவில்லை. எட்டுப் பேர் கையில் இருந்தால் யார்தான் தேடி வரமாட்டார்கள்? காங்கிரஸ் தேடி வந்தது. ஏ. ஜே. ஜான் முதல் மந்திரியானார். தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவு கொடுத்தது. அந்தக் கட்சியைச் சேர்ந்த சிதம்பரநாதன் நாடார் மந்திரியானார்.

இந்த இடத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 'பிடித்த பிடியில் நின்றவர்கள்' என்று பெயர் வாங்கியவர்கள், எதிராளியோடு கை குலுக்கவே மாட்டோம் என்று சொல்லவில்லை. கை குலுக்கினார்கள். மந்திரிசபையிலும் உட்கார்ந்தார்கள். ஆனால் கேட்டதை மறக்கவில்லை.

மந்திரிசபை ஓர் ஆண்டு ஓடிற்று. இன்னும் சில மாதம் ஓடிற்று. தமிழ்ப் பகுதியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் பதில் பிடி கொடுக்கவில்லை. மந்திரி கார் இருந்தது. மந்திரி பங்களா இருந்தது. கேட்டது மட்டும் கிடைக்கவில்லை.

போதும் என்று முடிவு செய்தார்கள். ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். 1953-ம் ஆண்டு செப்டம்பரில் ஜான் மந்திரிசபை கவிழ்ந்தது. அதாவது, "இந்த மந்திரிசபையில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை" என்று சட்டசபையில் அதிகம் பேர் கை தூக்கிவிட்டார்கள். புதுத் தேர்தல் வந்தது.

கெட்டிக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? "கையில் இருந்த பதவியைத் தொலைத்துவிட்டார்கள். இனி இருக்கிற எட்டும் போகும்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

1954-ம் ஆண்டு பிப்ரவரியில் ஓட்டு எண்ணினார்கள். எட்டு போகவில்லை. பன்னிரண்டாக வளர்ந்தது!

ஓட்டுப் போட்டவர்கள் கணக்கு

எட்டு எப்படிப் பன்னிரண்டு ஆயிற்று?

நாடார் சமூகம் திரண்டு நின்றதுதான் காரணம் என்று அப்போது பலர் எழுதினார்கள். அதில் உண்மை இருக்கிறது. தென் தாலுகாக்களில் கட்சியின் முதுகெலும்பு அந்தச் சமூகம்தான். ஆனால் அது 1952-லும் திரண்டுதான் நின்றது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்கள் நடுவிலும் கட்சிக்கு ஆதரவு இருந்தது. ஆகையால் சாதிக் கணக்கு மட்டும் போட்டால் விடை சரியாக வராது.

இரண்டு தேர்தலுக்கும் நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. மந்திரி பதவியை வாங்கிப் பார்த்தார்கள். கேட்டது கிடைக்கவில்லை என்றதும் எறிந்துவிட்டு வந்தார்கள். அதை ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழை மனிதன் சொல்லை எடை போடுவதில் கெட்டிக்காரன். கடன் கேட்கிறவன் எத்தனை சத்தியம் செய்தாலும், அவன் அடகு வைப்பது என்ன என்றுதான் பார்ப்பான். கட்சிகள் எல்லாம் சத்தியம் செய்கின்றன. இந்தக் கட்சி ஒன்றை அடகு வைத்துக் காட்டிற்று.

அதோடு, கேட்டது ஒரே வரிக் கோரிக்கை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் அதைச் சொல்லிவிடுவாள்: "எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்." இருபது பக்கத் தேர்தல் அறிக்கையை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

துப்பாக்கி வெடித்தது

ஓட்டு வந்துவிட்டது. பலன்?

உடனே கிடைத்த பலன் துன்பம்தான்.

1954 தேர்தலில் மொத்தம் 117 இடங்கள். காங்கிரசுக்கு 45. பிரஜா சோஷலிஸ்டு கட்சிக்கு 19. வேடிக்கை என்னவென்றால், 45 பேர் வெளியே நின்று ஆதரவு கொடுக்க, 19 பேர் உள்ளே போய் மந்திரிசபை அமைத்தார்கள். பட்டம் தாணு பிள்ளை முதல் மந்திரியானார். தமிழ்நாடு காங்கிரசின் 12 பேரும் எதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

போராட்டம் தெருவுக்கு வந்தது. ஜூலை மாதம் மூணாறில் தடையை மீறியதற்காக நேசமணியும் உடன் சென்ற தலைவர்களும் கைதானார்கள். கீழே, தென் தாலுகாக்களில் கொதிப்பு ஏறிற்று.

ஆகஸ்டு 11-ந் தேதியை 'விடுதலை தினம்' என்று கொண்டாடக் கட்சி அழைத்தது. ஊர்வலங்கள் புறப்பட்டன. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். பலர் மாண்டார்கள். செத்தவர்களில் பெரிய தலைவர் யாரும் இல்லை. காலையில் வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு ஊர்வலத்துக்கு வந்தவர்கள் அவர்கள். சாயங்காலம் அந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று எழுதத் தேவையில்லை.

உறுதியாக நிற்பது நல்லது என்று சொல்வது எளிது. அதற்கு விலை கொடுப்பது யார் என்றும் பார்க்க வேண்டும். தலைவர்கள் சிறை போனார்கள், உண்மை. உயிரைக் கொடுத்தவர்கள் ஊர் பேர் தெரியாத தொண்டர்கள்.

சிறையிலிருந்து ஒரு குரல்

இந்தத் துப்பாக்கிச் சத்தம் வடநாட்டிலும் கேட்டது.

பிரஜா சோஷலிஸ்டு கட்சியின் பொதுச் செயலாளர் டாக்டர் ராம் மனோகர் லோகியா. அப்போது அவர் உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். நாடு முழுவதிலும் அவர் கட்சிக்கு இருந்தது ஒரே ஒரு முதல் மந்திரி. அவர்தான் பட்டம் தாணு பிள்ளை. அந்த ஒரே முதல் மந்திரியைப் பார்த்து, "ஜனங்களைச் சுட்ட மந்திரிசபை இருக்கக் கூடாது, ராஜினாமா செய்யுங்கள்" என்று லோகியா சிறையிலிருந்து சொன்னார்!

கட்சித் தலைமை ஒப்பவில்லை. பட்டம் தாணு பிள்ளையும் விலகவில்லை. லோகியா செயலாளர் பதவியை விட்டார். மறு ஆண்டு கட்சியே உடைந்தது. லோகியா தனிக் கட்சி கண்டார்.

பதவியைக் காப்பாற்றியவர்களுக்கு என்ன மிஞ்சியது? 1955-ம் ஆண்டு பிப்ரவரியில் அந்த மந்திரிசபையும் கவிழ்ந்தது.

அடுத்து வந்த காங்கிரஸ் மந்திரிசபைக்குப் பனம்பிள்ளி கோவிந்த மேனன் தலைமை வகித்தார். அதற்குத் தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவு கொடுத்தது. சிதம்பரநாதன் நாடார் மறுபடி மந்திரியானார். "இதென்ன, மறுபடியும் காங்கிரசோடா?" என்று கேட்கலாம். ஆமாம், மறுபடியும்தான். ஆள் மாறலாம், கூட்டு மாறலாம். 1948-ல் கேட்டதைத்தான் 1952-லும் கேட்டார்கள். 1954-ல் அதையே கேட்டார்கள். 1955-லும் அதையே கேட்டார்கள். சந்தையில் ஒரே விலை சொல்கிற வியாபாரியிடம் யார் வேண்டுமானாலும் வரலாம்; விலை மட்டும் மாறாது.

எல்லை நகர்ந்தது

இதற்கு இடையில் டில்லியில் ஒரு காரியம் நடந்தது. ஆந்திர ராஜ்யம் வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர் துறந்தார். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிறந்தது. அதைக் கண்டு பல பகுதிகளிலும் மொழிவாரி ராஜ்யக் கோரிக்கை எழுந்தது. மத்திய சர்க்கார் 1953 டிசம்பரில் மூன்று பேர் கொண்ட கமிஷனை நியமித்தது. பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோர் உறுப்பினர்கள்.

1955-ல் கமிஷன் தன் சிபாரிசைக் கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்துக்குப் போக வேண்டும் என்றது. மூன்று உறுப்பினர்களில் ஒருவரான பணிக்கர் மலையாளி என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டையின் பெரும் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆரல்வாய்மொழி எல்லை அன்றோடு அழிந்தது. புதிய எல்லை களியக்காவிளைக்குப் போயிற்று.

கேட்டது எல்லாம் கிடைத்ததா? இல்லை. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. தோட்டத்தில் இருக்கும் தமிழர்கள் பிழைக்க வந்தவர்கள். நிலையாகக் குடியிருப்பவர்கள் அல்லர் என்று கமிஷன் கருதியது. முல்லைப் பெரியாறு அணை இருப்பது பீர்மேடு தாலுகாவில்தான். அந்த அணையைப் பற்றி இரண்டு ராஜ்யங்களும் பின்னால் எத்தனை தடவை கோர்ட்டுக்குப் போயின என்பது ஊர் அறிந்த சங்கதி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். ஆனால் அதைப் பராமரிப்பது கேரள சர்க்கார்.

கடலுக்கு அப்பால்

இதே ஆண்டுகளில், தூத்துக்குடியிலிருந்து தோணி போகிற தூரத்தில், இலங்கையிலும் இப்படி ஒன்று நடந்தது.

அங்கே தமிழர்களின் பெரிய கட்சி தமிழ்க் காங்கிரஸ். தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம். 1948-ல் அவர் சர்க்காரில் சேர்ந்து மந்திரியானார். தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் வந்த காலம் அது. நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்களும் அந்தத் தோட்டங்களில் இருந்தார்கள். 'இதை ஏற்க முடியாது' என்று செல்வநாயகம் முதலியவர்கள் பிரிந்து வந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள்.

1952 தேர்தலில் தமிழரசுக் கட்சிக்கு இரண்டே இடம். செல்வநாயகமே தோற்றார்! நம் ஊர்க் கெட்டிக்காரர்கள் பார்த்திருந்தால், "சொன்னோமே, கேட்டீர்களா?" என்றிருப்பார்கள். செல்வநாயகம் அசையவில்லை. சமஷ்டி ஆட்சி வேண்டும் என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்ற கோஷம் எழுந்தது. தமிழர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்பே எச்சரித்தவர் யார் என்பது நினைவுக்கு வந்தது. தமிழரசுக் கட்சிக்கு 10 இடங்கள். தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்றே ஒன்று.

ஆனால் அங்கே ஓட்டு கிடைத்ததே தவிர, கேட்டது கிடைக்கவில்லை. 1957-ல் பிரதமர் பண்டாரநாயகாவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆண்டே பண்டாரநாயகா அதைக் கைவிட்டார். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு, வழக்கை எடுத்துச் சொல்ல மேலே ஒரு டில்லி இருந்தது. ஒரு கமிஷன் இருந்தது. இலங்கைத் தமிழர்களுக்கு மேலே யாரும் இல்லை. உறுதி ஒன்றுதான், முடிவு வேறு.

நம் காலத்தில்

உறுதியாக நின்றால் போதும், இடங்கள் கொட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன.

தே.மு.தி.க. 2006-ல் தனியாக நின்றது. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றுதான். 2011-ல் அ.தி.மு.க.வோடு சேர்ந்தது, 29 இடங்கள் கிடைத்தன. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். அத்தோடு நிற்கவில்லை. 2014-ல் பா.ஜ.க. கூட்டு, 2016-ல் வேறொரு கூட்டு. அந்தத் தேர்தலில் நூற்றுக்கு மூன்று ஓட்டுக்கூடக் கிடைக்கவில்லை. இடம் ஒன்றும் இல்லை. 29 இடம் வாங்கிக் கொடுத்த கூட்டுக்குப் பிறகுதான் அந்தச் சரிவு வந்தது.

நாம் தமிழர் கட்சி வேறு மாதிரி. எவரோடும் சேர மாட்டோம் என்று சொல்லித் தனியாகவே நின்று வந்தது. 2016-ல் நூற்றுக்கு ஒன்று. 2019-ல் ஏறக்குறைய நான்கு. 2021-ல் ஆறரைக்கு மேல். 2024-ல் எட்டுக்கு மேல். ஓட்டு ஏறிக்கொண்டே வந்தது. ஆனால் இந்த நான்கு தேர்தல்களிலும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

நேசமணி கட்சிக்கு 12 இடம். இவர்களுக்கு ஏன் ஒன்றும் இல்லை? காரணம் எளிது. நம் தேர்தல் முறையில் ஒரு தொகுதியில் முதலில் வருகிறவருக்குத்தான் இடம். பத்துப் படி நெல்லை ஒரே பாத்திரத்தில் கொட்டினால் பாத்திரம் நிறையும். ஊர் முழுவதும் தூவினால் கண்ணுக்கே தெரியாது. நேசமணி கட்சியின் ஓட்டு சில தாலுகாக்களில் குவிந்திருந்தது. இவர்கள் ஓட்டு ராஜ்யம் முழுவதும் தூவிக் கிடந்தது.

அ.தி.மு.க. 2023 செப்டம்பரில் பா.ஜ.க.வோடு இருந்த கூட்டை முறித்தது. 2024 பார்லிமெண்டுத் தேர்தலில் இரண்டும் தனித் தனியாக நின்றன. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் ஓர் இடமும் இல்லை. 2025 ஏப்ரலில் இரண்டும் மறுபடி சேர்ந்தன. முறித்தது உறுதியா, சேர்ந்தது உறுதியா என்று ஓட்டர்கள் குழம்பினால் அவர்கள்மேல் தப்பு இல்லை. பிரிந்தபோது கேட்டது என்ன, சேர்ந்தபோது கிடைத்தது என்ன என்பதை ஒரு வரியில் சொல்ல முடிந்தால் குழப்பம் வராது.

தி.மு.க.வின் 1967 வெற்றியையும் இங்கே நினைக்க வேண்டும். 1957-ல் 15 இடம். 1962-ல் 50. 1967-ல் 137, ஆட்சி. இடையில் 1963-ல் திராவிட நாடு கோரிக்கையையே கைவிட்டார்கள். இந்தி எதிர்ப்பை மட்டும் விடவில்லை. ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு கூட்டும் வைத்தார்கள். எதை விடுவது, எதை விடாமல் பிடிப்பது என்பதில் அண்ணாதுரை தவறவில்லை. 1965-ல் மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது, ஜனங்களின் மனம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அரிசிப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. காமராஜே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

கட்சி என்ன ஆயிற்று?

நேசமணியின் கட்சி இப்போது எங்கே என்று கேட்கலாம். இல்லை.

கேட்டது கிடைத்த பிறகு, 1957-ல் அது காங்கிரசில் சேர்ந்துவிட்டது. பெயரை வைத்துக்கொண்டு, கொடியை வைத்துக்கொண்டு, தேர்தலுக்குத் தேர்தல் நாலு சீட்டுக்குப் பேரம் பேசியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அந்த ஆண்டுகளில் ராஜ்யத்தின் முதல் மந்திரி காமராஜ்.

நேசமணி 1962-ல் மறுபடி நாகர்கோவிலில் நின்றார், வென்றார். 1967-ல் தமிழ்நாடு முழுவதும் காங்கிரஸ் சரிந்தபோதும் நாகர்கோவிலில் நேசமணி சரியவில்லை. 1968 ஜூன் 1-ந் தேதி, எம்.பி.யாக இருக்கும்போதே காலமானார்.

அந்த இடத்துக்கு 1969 ஜனவரியில் இடைத் தேர்தல் வந்தது. விருதுநகரில் தோற்ற காமராஜ் நாகர்கோவிலுக்கு வந்து நின்றார். சொந்த ஊர் கைவிட்டவரை நாஞ்சில் நாடு பார்லிமெண்டுக்கு அனுப்பிற்று. 1971-லும் அனுப்பிற்று.